மேக்ரோ எங்கே நிற்கலாம்

முதல் தடவை அந்த மேக்ரோவைத் திறந்து பார்த்தபோது மவுஸின் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருந்தேன். முடிவு வரவில்லை. நாளிதழில் செய்தி திருத்தும் மேசையில் வேலை பார்த்தவள் என்பதால் எதையும் பக்கக் கணக்கில் அளப்பது என் பழக்கம். இது ஒரு முழுப் பக்கத்தை நிரப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்கும் வழியும் என்று தோன்றியது. நடுவில் ஓர் உபதலைப்பு இல்லை. ஒரு வெற்று வரிகூட இல்லை. படித்துப் புரிந்துகொள்ளலாம் என்றுதான் திறந்தேன். பாதியில் மூடிவிட்டேன். தெரியாமல் ஏதாவது ஓர் எழுத்தைத் தட்டிவிடுவேனோ என்று விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டது நினைவிருக்கிறது.

கணினியோடு பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். எக்செல் தாளில் வரிசையாகச் செய்யவேண்டிய வேலைகளை முன்கூட்டியே எழுதிவைத்து, ஒரே பொத்தானில் ஓடவைப்பதற்குப் பெயர் மேக்ரோ. எங்கள் பொத்தான் நீல நிறத்தில் இருந்தது. அதன்மேல் என் நாத்தனார் 'தண்ணி' என்று எழுதியிருந்தாள்.

எங்கள் ஊரான உறுவையாற்றிலும் பக்கத்து ஊர்களிலும் ஆற்றுப் படுகையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு குழுவாக இருக்கிறோம். என் கணவர் நெல்லும் கரும்பும் வைக்கிறார். மழைக்காலத்தில் மேலே அணையைத் திறந்தால் கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வரும். அது தெருவில் இருப்பவர்களுக்குக் கேட்கும். படுகைக்குள் இறங்கித் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைத் தூக்கிக்கொண்டிருப்பவருக்கும், புல் அறுத்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கும் கேட்காது. வாட்ஸ்அப் குழு வைத்துப் பார்த்தோம். பாதிப் பேரிடம் இருப்பது பொத்தான் போன். அதனால் எல்லோருடைய போனையும் ஒரே நேரத்தில் அடிக்கவைத்து, எடுத்தவுடன் பதிவுசெய்த குரல் பேசுவது போல ஒரு சேவையில் சேர்ந்தோம். யார் யாரை, எந்த எண்ணில் கூப்பிடவேண்டும் என்று அந்தச் சேவைக்குச் சொல்வது எங்கள் மேக்ரோவின் வேலை.

குரல் என்னுடையது. எதிரொலி வராமல் இருக்க புடவை பீரோவைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்து பேசினேன். முதலில் பேசியதை நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை.

"நியூஸ் படிக்கற மாதிரியே இருக்கு அண்ணி. வூட்ல அண்ணன்கிட்ட பேசற மாதிரி பேசு."

"உங்க அண்ணன்கிட்ட பேசற மாதிரி பேசுனா ஊரே போன வெச்சுடும்" என்றேன்.

கடைசியில் பதிவானது இதுதான்: 'ஆத்துல தண்ணி வருது. படுகையில இருக்கறவங்க மேல ஏறிடுங்க. மோட்டாருக்கும் மாட்டுக்கும் நிக்காதீங்க. ஏறிடுங்க.' ஒவ்வொரு ஊர்ப் பட்டியலின் கடைசியிலும் என் எண்ணையும் சேர்க்கச் சொன்னேன். என் போன் அடித்து என் குரல் எனக்கே கேட்டால் அந்த ஊர் முடிந்தது என்று அர்த்தம். அச்சுக்குப் போன பக்கம் திரும்பி வந்து மேசையில் விழுவதைப் பார்க்காமல் வீட்டுக்குப் போகாத பழக்கம் அது.

நாத்தனார் என் கணவரின் தங்கை. அடுத்த தெருவில் இருக்கிறாள். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. காலை ஷிப்டுக்கு கம்பெனி பஸ்ஸில் போவாள். உள்ளே நுழைந்ததும் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அங்கே சரக்குக் கணக்குக்காக மேக்ரோ எழுதக் கற்றுக்கொண்டவள், எங்கள் குழுவுக்கும் எழுதிக்கொடுத்தாள். தொடங்கியபோது அது சின்னதாகத்தான் இருந்ததாம். யாரோ எண்ணுக்கு நடுவில் இடைவெளி விட்டு எழுதினார்கள். அதைச் சரிசெய்ய நடுவில் சில வரிகள் வந்தன. யாரோ முன்னால் பூஜ்யம் போட்டார்கள். அதற்குச் சில வரிகள். ஒரே ஆள் இரண்டு ஊரில் நிலம் வைத்திருந்தார். என் எண்ணைத் தவிர வேறு எதையும் இரண்டு தடவை கூப்பிடாமல் இருக்க இன்னும் சில வரிகள்.

"இவ்ளோ நீளமா ஒரே துண்டா இருக்கே, பிரிக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"ஓடுதுல்ல?"

"நடுவுல நின்னா?"

"ஏன் நிக்கப்போவுது? ஓடறத இன்னாத்துக்கு ஒடைக்கணும்? நீ பேப்பர்காரி அண்ணி. எதப் பாத்தாலும் வெட்டணும் உனக்கு."

சிரித்தேன். ஆனால் அவள் சொன்னதில் பாதி உண்மை. மேசையில் நான் அதிகம் செய்த வேலை வாக்கியங்களை உடைப்பதுதான். நிருபர்கள் எழுதி அனுப்புவார்கள்: அமைச்சர் வந்து, ரிப்பன் வெட்டி, கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து, பொதுமக்களிடம் குறை கேட்டு, அதிகாரிகளை அழைத்து. இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். நம் மொழியில் அது முடியும். வினையெச்சமாக எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்கலாம், வினைமுற்று கடைசியில் வந்தால் போதும். ஒருநாள் இடம் போதாமல் பக்கத்தை வடிவமைத்தவர் ஒரு செய்தியின் கடைசி வரியைத் தூக்கிவிட்டார். மறுநாள் பத்திரிகையில் அந்தச் செய்தி 'நேரில் ஆய்வு செய்து' என்று முடிந்திருந்தது. ஆய்வு செய்து என்ன ஆனது என்று காலையெல்லாம் வாசகர்கள் போன் செய்தார்கள். முற்று இல்லாவிட்டால் அதற்கு முன்னால் நடந்ததும் நடக்காததும் ஒன்றுதான். எல்லாமே அந்தரத்தில் தொங்கும்.

நாத்தனாரின் மேக்ரோவும் அப்படி ஒரு வாக்கியம்தான். ஊர் ஊராகப் பிரித்து, ஓர் ஊரின் எண்களை எடுத்து, சுத்தம் செய்து, அனுப்பி, அடுத்த ஊருக்குப் போய், எல்லா ஊரும் முடிந்தபிறகு எந்தெந்த ஊருக்குப் போனது என்று ஒரேயடியாக எழுதிவைக்கும். அந்த எழுதிவைக்கும் வரி அடியில் இருந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்ததைத் தெளிவாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு அந்த மொழி தெரியாது.

அந்த வருஷத்துப் பெரிய மழை தொடங்கி இரண்டாம் நாள் முற்பகல். கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. என் கணவர் காலையிலேயே படுகைக்குப் போய்விட்டார். மோட்டாரைத் தூக்கி மேலே கொட்டகையில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொன்னார். போன் நனையக்கூடாது என்று பாலிதீன் பையில் போட்டுக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு இறங்குவது அவர் வழக்கம். அதற்காகப் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன்.

அந்த நேரத்தில், முன்பு என்னோடு பத்திரிகையில் வேலை பார்த்த ஒரு நிருபர் போனில் அழைத்தார். அணைக்குப் பக்கத்து ஊர்க்காரர். மேலே திறந்துவிட்டார்கள், இந்தத் தடவை அதிகம் என்றார். எப்போது என்று கேட்டேன். விடியற்காலையிலேயே என்றார். டவர் கிடைக்காமல் காலையிலிருந்து எனக்கு முயன்றுகொண்டிருந்தாராம். அவர் இன்னும் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. விடியற்காலையில் கிளம்பிய தண்ணீர் இப்போது எங்கே இருக்கும் என்பதை மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பேட்டரியில் ஓடும் லேப்டாப்பைத் திறந்து, நெட் டாங்கிளைச் செருகி, 'தண்ணி'யை அழுத்தினேன். மேக்ரோ ஓடத் தொடங்கியது. உடனே போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி. ஆணியில் தொங்கும் பாலிதீன் பைக்குள் அது அடிப்பது எனக்குத் தெரிந்தது. இருந்தும் விரல் நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்திருந்தது. ஆங்கிலத்தில் ஒரு வரி. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் அதோடு முடித்துவிடும். இன்னொன்று எங்கே நின்றது என்று காட்டும். மேக்ரோ நடுவில் நின்றுவிட்டது.

எந்த ஊர்வரை போனது? என் போன் அடித்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் நான் விடாமல் கணவரையே அழைத்துக்கொண்டிருந்தேன். என் லைன் பிஸி. என் குரல் என்னைத் தேடி வந்ததா இல்லையா என்பது தெரியாது. போன ஊர்களை எழுதிவைக்கும் வரியோ அடியில். அதுவரை மேக்ரோ போகவே இல்லை. தாள் வெறுமையாக இருந்தது. யாருக்குமே போகாதது போலவும் இருந்தது. எல்லோருக்கும் போனது போலவும் இருந்தது.

இரண்டாவது பொத்தானை அழுத்தினேன். அந்த நீளமான கட்டளையின் நடுவில் எங்கோ ஒரு வரி மஞ்சளாக நின்றது. அதன்மேல் மவுஸை வைத்தேன். ஒரு சிறு கட்டம் வந்தது. அதற்குள் வெறும் கேள்விக்குறிகள். வரிசையாக, ஒரு வாக்கியத்தின் நீளத்துக்குக் கேள்விக்குறிகள். தமிழில் எழுதியிருப்பதை அந்தத் திரை அப்படித்தான் காட்டும் என்று பிறகு நாத்தனார் சொன்னாள். அப்போது எனக்கு அது தெரியாது. எதிரே இருப்பது என்னைக் கேள்வி கேட்கிறது, எனக்குப் பதில் தெரியவில்லை என்பது போல இருந்தது.

தாளுக்குப் போய் எண்கள் இருக்கும் பத்தியை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பிழை திருத்தும் கண் அது. எண்களுக்கு நடுவில் ஓர் எழுத்து இருந்தால் தட்டுப்படும். தட்டுப்பட்டது. ஆங்கில எழுத்து கே-யில் தொடங்கும் ஓர் ஊரில், புதிதாகச் சேர்த்த ஒரு பெண்மணியின் பெயருக்கு எதிரே, எண் இருக்கவேண்டிய இடத்தில் இப்படி இருந்தது: 'பக்கத்து வூட்ல சொன்னா போதும்.'

என் கணவர் செய்த வேலை. போன வாரம் அவர்தான் போய்ப் புது உறுப்பினர்களைச் சேர்த்துவிட்டு வந்தார். அந்தம்மாவிடம் போன் இல்லை. அவர் சொன்னதை அப்படியே தட்டியிருக்கிறார்.

கோபப்பட நேரம் இல்லை. கே-யில் நின்றது என்றால் அதற்கு முன்னால் இருக்கும் ஊர்களுக்குப் போயிருக்கும். அரியூருக்குப் போயிருக்கும். ஊர்ப் பெயர்கள் ஆங்கிலத்தில், ஆங்கில அகரவரிசையில் இருந்தன. ஸ்டோர்ஸில் சரக்குகளை அடுக்கும் வழக்கத்தில் நாத்தனார் அப்படி அடுக்கியிருந்தாள். தமிழில் அடுக்கியிருந்தால் உறுவையாறு மேலே, அரியூரை அடுத்துச் சில வரிகளில் வந்திருக்கும். ஆங்கிலத்தில் அது யு. கிட்டத்தட்ட கடைசி. தண்ணீருக்கு மிகப் பக்கத்தில் இருந்த ஊர், பட்டியலில் மிகத் தூரத்தில் இருந்தது.

தாளில் பேச்சு எழுதியிருந்த கட்டத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டலாம். ஆனால் மேக்ரோ நின்ற இடத்திலிருந்து ஓடாது. முதலிலிருந்துதான் ஓடும். மறுபடி அரியூர், மறுபடி ஒவ்வோர் ஊராக. ஏற்கெனவே மேலே ஏறிவிட்டவர்களின் போன்களெல்லாம் இன்னொரு முறை அடித்து முடித்தபிறகுதான் உறுவையாறு. மழையில் நெட் வேறு இழுத்துக்கொண்டிருந்தது. நாத்தனாரைக் கூப்பிட்டேன். அவள் போன் சேதராப்பட்டில் ஒரு லாக்கருக்குள் அடித்தது.

கையாலேயே கூப்பிடலாம் என்று தாளைப் பார்த்து உறுவையாற்றுப் பட்டியலில் முதல் எண்ணை அழுத்தினேன். தெரிந்தவர்தான். எடுத்தார். ஆற்றில் தண்ணீர் வருகிறது என்றேன். எவ்வளவு வருகிறது என்று கேட்டார். யார் சொன்னது என்று கேட்டார். போன வருஷமும் இப்படித்தான் சொன்னார்கள், அப்புறம் முழங்கால் அளவுதான் வந்தது என்றார். உங்கள் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். படுகையில் என்றேன். அப்படியா, போன் பண்ணிச் சொல்லம்மா என்றார். பதிவுசெய்த குரலிடம் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. மனுஷியின் குரல் என்றால் பேச்சு வளர்ந்துவிடுகிறது. இரண்டாவது ஆளும் அப்படித்தான். இந்தக் கணக்கில் ஓர் ஊரை முடிக்க மதியம் தாண்டிவிடும். கணவரோடு படுகையில் யார் இருக்கிறார்கள், அவர்களில் யாரிடம் போன் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாது. பட்டியலில் இருக்கும் எல்லா எண்ணும் ஒன்றாக அடித்தால்தான் அந்த ஒரு போனும் அடிக்கும்.

மேக்ரோவுக்குள் எங்கே அனுப்பும் வேலை தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் ஓட்டலாம். பார்த்தேன். துண்டே இல்லை. எடுப்பதும் சுத்தம் செய்வதும் அனுப்புவதும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தன. எங்கே கத்தி வைத்தாலும் எதையோ சேர்த்து அறுப்பேன்.

மேக்ரோவை வெட்ட எனக்குத் தெரியவில்லை. ஊர்களை வெட்டினேன்.

மஞ்சள் வரியில் நின்றிருந்த மேக்ரோவை நிறுத்திவிட்டு, கோப்பை 'உறுவை' என்று வேறு பெயரில் சேமித்தேன். மேலே இருக்கும் பெயரைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். நகல்தான். அரியூரின் முதல் வரியிலிருந்து தொடங்கி, உறுவையாற்றுக்கு முந்தைய வரி வரைக்கும் இழுத்துத் தேர்ந்தெடுத்தேன். சாம்பல் நிறத்தில் அத்தனை ஊர்களும், அத்தனை பெயர்களும். பாதிக்கு மேல் எனக்குத் தெரிந்தவர்கள். யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போய் உட்கார்ந்து சாப்பிட்ட ஊர்கள். அழிக்கும் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு மறுபடியும் கோப்பின் பெயரைப் பார்த்தேன். அழுத்தினேன். அத்தனை பேரும் போனார்கள். உறுவையாறு மேலே வந்து நின்றது. கீழே மிச்சம் இருந்த ஊர்களையும் அழித்தேன். உறுவையாற்றின் கடைசி வரியில் என் எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு 'தண்ணி'யை அழுத்தினேன்.

இந்தத் தடவை போனைத் தொடவில்லை. மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே தெருவில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அது மழைத் தண்ணீர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன் அடித்தது. எடுத்தேன். 'ஆத்துல தண்ணி வருது' என்றேன் நான், புடவை பீரோவின் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு நல்ல நாளின் குரலில். 'ஏறிடுங்க' என்று முடியும்வரை கேட்டேன்.

ஊர் முடிந்துவிட்டது. ஆனால் அது போய்ச் சேர்ந்ததா என்பது வேறு. அச்சாகி வந்த பக்கத்தைப் பார்த்தால் அச்சானது என்றுதான் தெரியும், யாராவது படித்தார்களா என்பது தெரியாது. அதற்குப் பிறகு நான் மற்ற ஊர்களுக்காக அசல் கோப்பைத் திறந்து, அந்த 'பக்கத்து வூட்ல' கட்டத்தில் பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டு, முழுவதையும் ஓட்டினேன். செய்தேன் என்று தெரியும். செய்தது ஞாபகத்தில் இல்லை. வாசலில் போய் நின்றது ஞாபகம் இருக்கிறது. குடை எடுக்கவில்லை. தெருமுனை வரைக்கும் போனேன். படுகைப் பக்கம் போகலாமா, நான் போகும் நேரத்தில் அவர் வேறு வழியாக வந்துவிட்டால் என்ன செய்வது என்று பாதியில் நின்றேன். அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அவர் கரும்புக்கொல்லைப் பக்கமிருந்து வந்தார். இடுப்புவரை சேறு. பின்னால் புல் அறுக்கப் போயிருந்த பெண்கள் இரண்டு பேர். அவரிடம் மோட்டார் இல்லை. கயிறு மட்டும் தோளில் கிடந்தது.

என்னைப் பார்த்ததும் முதலில் மோட்டாரைப் பற்றித்தான் சொன்னார். பாதி தூக்கியாயிற்று, இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் வந்திருக்கும், போய்விட்டது என்றார். இழுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்களில் மூத்தவரின் இடுப்பில் இருந்த பொத்தான் போன் அடித்திருக்கிறது. அவர் எடுத்து, "சரிம்மா, சரிம்மா, நீ எங்கருந்து பேசற?" என்று என் பதிவுக் குரலோடு பேசிக்கொண்டே இருந்தாராம். அது நிறுத்தாமல் போகவும், உன் பொண்டாட்டி பேசுது என்று போனை என் கணவரின் காதில் வைத்திருக்கிறார்.

"கேள்வி கேக்காம நீ பேசி நான் கேட்டதே இல்ல" என்றார் அவர். "அதான் வுட்டுட்டு ஏறிட்டேன்."

அந்தப் பெண்மணி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் ஏறி, கரைமேல் கொஞ்ச தூரம் நடந்து திரும்பிப் பார்த்தபோது மோட்டார் இருந்த இடம் தெரியவில்லை என்று என் கணவர் சொன்னதும் அந்த மூத்தவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

நாத்தனார் ஷிப்ட் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். பஸ்ஸிலேயே யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். ஈரத்தோடு லேப்டாப் முன்னால் நின்று நான் செய்துவைத்த நகலைப் பார்த்தாள். பிறகு எது நிறுத்தியது என்று கேட்டாள். கட்டத்தைக் காட்டினேன்.

"யாரு இத டைப் பண்ணது?"

"நான்தான்" என்றார் அவள் அண்ணன். "அந்தம்மாகிட்ட போனு இல்ல. இன்னா பண்ண சொல்ற?"

"பூஜ்யம் போட்டிருக்கலாம்ல?"

"பூஜ்யம்னா ஆளே இல்லன்னு ஆவாதா?"

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போனார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை என் பக்கம் திருப்பாமல், "நீ கேட்ட அண்ணி. நடுவுல நின்னான்னு கேட்ட" என்றாள்.

மழை விட்டபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த மேக்ரோவைப் பிரித்தோம். எவ்வளவு நீளம் வரை விடலாம் என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஒரு துண்டு திரையில் ஒரே பார்வைக்குள் அடங்க வேண்டும், உருட்டக்கூடாது என்றாள் அவள். ஒரு துண்டுக்கு ஒரு வினைமுற்று என்றேன் நான். என்ன செய்கிறது என்று கேட்டால் 'எடுத்து', 'திருத்தி' என்று இழுக்காமல் ஒரே சொல்லில் முடிக்க வேண்டும். துண்டுகளுக்கு அப்படியே பெயர் வைத்தோம், ஆங்கில எழுத்தில்: எடு, திருத்து, பிரி, கூப்பிடு, குறி. பெயர் வைக்க முடியாமல் திணறிய இடங்களிலெல்லாம் இரண்டு வேலைகள் ஒட்டிக்கிடந்தன.

வெட்ட ஆரம்பித்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. பயம்தான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. நீளமாக எதைப் பார்த்தாலும் அந்த மஞ்சள் வரி நினைவுக்கு வந்தது. நான்கு வரி இருந்ததையும் இரண்டாக்கச் சொன்னேன். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு நியூஸ படிக்க பத்து பக்கம் திருப்புன்னா எவன் அண்ணி படிப்பான்?" என்றாள். ஓர் ஊரைக் கூப்பிடுவதையும் கூப்பிட்டாயிற்று என்று குறிப்பதையும் தனித்தனியாக வைத்தது என் யோசனை. அதை மட்டும் அவள் விடவே இல்லை.

"கூப்ட்டுட்டு, குறிக்கறதுக்கு முன்னால நின்னா?"

திரையில் அந்த இரண்டு துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"அன்னிக்கு மாதிரியே தான் நிப்ப நீ. போச்சா போவலையான்னு."

அந்த இரண்டையும் சேர்த்து ஒரே துண்டாக்கினோம். கொஞ்சம் நீளம்தான், திரையைத் தாண்டி ஒரு விரல் உருட்ட வேண்டும். பரவாயில்லை என்று விட்டோம். அதன்பிறகு நீளத்தை அளப்பதை நிறுத்திவிட்டோம். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் நிறுத்தி, இந்த இடத்தில் கரண்ட் போனால், நெட் போனால், யாராவது எண்ணுக்குப் பதில் பேச்சை எழுதியிருந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டோம். ஒன்றும் ஆகாது என்றால் அங்கே வெட்டினோம். ஏதாவது ஆகும் என்றால் சேர்த்தே வைத்தோம். ஊர்களை ஆற்றின் வரிசையில், தண்ணீர் எந்த ஊருக்கு முதலில் வருமோ அந்த ஊரை முதலில் வைத்து மாற்றினோம். போன் இல்லாதவர்களுக்கு எதிரே பக்கத்து வீட்டு எண் வந்தது. அவர்கள் பெயர் இருந்தபடியே இருக்கிறது. பூஜ்யம் போடவில்லை.

பிரித்தபிறகு பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். முன்பு ஒன்று நிற்குமோ என்று பயந்தேன். இப்போது பலவற்றில் எது நிற்கும் என்று பயப்படுகிறேன். நின்றால் எங்கே நின்றது என்பது மட்டும் தெரியும்.

வெயில் நாளில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று நாத்தனார் சொன்னாள். அதற்காகத் தனியாக ஒரு குரல் பதிந்தேன்: 'இது சோதனை. தண்ணி வரல.' ஊரில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லியாயிற்று. மதியச் சாப்பாட்டு நேரத்தில் 'கூப்பிடு' என்ற துண்டை மட்டும், உறுவையாற்றுக்கு மட்டும் ஓட்டினாள். என் கணவர் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். போன் இப்போது ஆணியில் தொங்குவதில்லை, சட்டைப்பையில் இருக்கிறது. அது அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். 'இது சோ' என்று என் குரல் தொடங்குவதற்குள் எழுந்துவிட்டார். சோறு ஒட்டிய கையோடு மாட்டுக்கொட்டகைக் கதவருகே போய்விட்டார்.

"உக்காருண்ணா, சோதன தான்" என்றாள் நாத்தனார்.

"தெரியும்" என்றார்.

ஆனால் குரல் முடியும்வரை உட்காரவில்லை. அடுத்து என் போன் அடித்தது. பட்டியலின் கடைசி எண். அதை எடுக்கக் கையை நீட்டியபோதுதான் கவனித்தேன், நானும் நின்றுகொண்டிருந்தேன்.